காட்டெருமைக்கு எந்தத் தோட்டா

முப்பத்து மூன்று வருடம் மான் சுடும் தோட்டா விற்றேன். அந்த முப்பத்து மூன்று வருடமும் மான் சுடுவது சட்டப்படி குற்றம். நான் வேலைக்குச் சேருவதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே வேட்டைக்குத் தடை வந்துவிட்டது. அப்படியும் கடை ஓடியது. சேலத்தில் கடைத்தெருவை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, இரும்புக் கதவு போட்ட ஒரு துப்பாக்கிக் கடை. வெள்ளாமைப் பாதுகாப்புக்கு உரிமம் வைத்திருந்த விவசாயிகளும், பேங்க் காவலாளிகளும், மலை மேல் எஸ்டேட் வைத்திருந்தவர்களும் வாடிக்கை. தேர்தல் வந்தால் உரிமக்காரர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பதால் கடையில் நிற்க இடமிருக்காது. ஜனநாயகத்தை அத்தனை கிட்டத்தில் பார்த்த குமாஸ்தா நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. காட்டுப்பன்றிகளைச் சுட வனத்துறைக்கே உத்தரவு வந்த பிறகு, புதிதாகச் சேர்ந்த வனவர்களும் காவலர்களும் எனக்கு போன் செய்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எந்தத் தோட்டா சார் நல்லது? பன்றியில் ஆரம்பித்து, மான், கடமான், கடைசியில் காட்டெருமை வரை வந்து நிற்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் என் வாழ்நாளில் ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்லை. இதைச் சொன்னால் அடக்கத்தால் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஜலகண்டாபுரம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் விசைத்தறி. எனக்குத் தறிச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கிக் கடைக்கு வந்தேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்கள். முதல் நான்கு வருடம் துடைத்தேன். எண்ணெய்த் துணியால் துடைப்பது, உலர்ந்த துணியால் துடைப்பது, துடைத்ததை யாராவது கையால் தொட்டால் மறுபடி துடைப்பது. பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது.

முதலாளி சூசை ஐயா. சூரமங்கலத்தில் வீடு. ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு பூதக்கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, கறி வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கும் கடைக்கு வந்து ஒருமுறை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. துப்பாக்கிக் கடையில் சத்தம் போட்டுப் பேசினால் தெருவில் போகிறவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்பது அவர் கணக்கு.

ஒருவர் தோட்டா கேட்டு வந்தால் அவர் செய்கிற முறை ஒன்று உண்டு. முதலில் உரிமப் புத்தகத்தை வாங்கிப் படிப்பார். படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார், அதை நம்ப மாட்டார். துப்பாக்கியைக் கொண்டு வரச் சொல்வார். குழலின் மேல் அடித்திருக்கும் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். எழுத்து தேய்ந்து போயிருந்தால் ஒரு சின்ன ஈயக் குண்டை எண்ணெய் தடவிக் குழலுக்குள் வைத்து, மரக்குச்சியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளி எடுப்பார். வெளியே வந்த ஈயத்தில் குழலின் அளவு அச்சுப்போல விழுந்திருக்கும். அதை அளந்து, மூன்று முறை அளந்து, பிறகுதான் அலமாரிச் சாவியை எடுப்பார். எட்டு மில்லிமீட்டர் என்று ஒரே பெயரில் நாலு வகைத் தோட்டா உலகத்தில் உண்டு. ஒன்றில் போட வேண்டியதை இன்னொன்றில் போட்டால் சுடுகிறவனின் முகத்துக்கு நேராக வெடிக்கும். அதனால் அரை மணி நேரம் ஆனாலும் ஐயா அவசரப்பட மாட்டார். வந்தவர் பஸ்ஸை விட்டுவிடுவார்.

வாடிக்கையாளர்கள் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்பார்கள்.

"ஏனுங்க, மானுக்கு எதுங்க நல்லது?"

"நீங்க மான் சுடப் போறீங்களா?" என்பார் ஐயா.

"அட இல்லீங்க, சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டீங்கன்னா சும்மா சொல்றேன்."

அப்புறம் அரை மணி நேரம். மானின் நெஞ்சு மெல்லியது, வேகமான சின்னக் குண்டு போதும், மூக்கில் ஈயம் தெரிகிற குண்டாக இருந்தால் உள்ளே போய் மலரும், அதனால் சீக்கிரம் விழும். கடமானுக்குத் தோள் எலும்பு கனம். காட்டெருமை என்று வந்துவிட்டால் வேகத்தை நம்பக் கூடாது, குண்டின் எடையை நம்ப வேண்டும். ரொம்பப் பெரிய குழலும் வேண்டாம், தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, தோள் கழன்றுவிடும். நடுத்தரக் குழல்தான் எல்லாவற்றுக்கும் நல்லது. "மான்ல குறி வைக்கிறதுதான் கஷ்டம், விழறது சுலபம். காட்டெருமையில அது தலைகீழ்" என்று முடிப்பார். சுவரில் மாட்டியிருந்த கடமான் கொம்பைக் கேட்பவர்கள் ஒருமுறை மரியாதையோடு பார்த்துக்கொள்வார்கள். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த அரை மணி நேரம் மனப்பாடம். ஐயா சாப்பிடப் போன நேரத்தில் நானே சொல்லுவேன். அவருடைய அடங்கிய குரல்கூட எனக்கு வந்துவிட்டது.

இனி அந்தக் காட்டெருமை விஷயம்.

சேர்வராயன் மலையிலிருந்து காட்டெருமைகள் இறங்குவது புதிதில்லை. அந்த ஆண் மாடு இறங்கியது வேறு காரணத்துக்கு. பன்றிக்கு யாரோ வைத்த அவுட்டுக்காயை அது கடித்துவிட்டது. அவுட்டுக்காய் என்பது தீனிக்குள் மறைத்து வைக்கிற வெடி. கீழ்த்தாடை போய்விட்டது. தின்ன முடியாது, குடிக்க முடியாது. தண்ணீரைத் தேடி அடிவாரத்தில் ஒரு மரவள்ளிக் காட்டுக்குள் வந்து நின்றுகொண்டது. கால்நடை டாக்டர் மயக்க ஊசி போட்டுப் பார்த்தார். ஊசி பாய்ந்தும் அது மயங்காமல் ஆட்களை விரட்டி, கம்பி வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்ப அதே காட்டுக்குள் போய் நின்றது. பிழைக்க வழியில்லை, வாய் முழுக்கப் புழு வைத்துவிட்டது, கஷ்டப்படாமல் முடித்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேலே இருந்து அனுமதியும் வந்துவிட்டது.

அனுமதி வந்த அன்று மத்தியானம் ரேஞ்சர் மல்லிகா மேடம் எங்கள் கடைக்கு வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கூடவே ராமசாமி என்று ஒரு வனக்காவலர். அவருக்கு ஓய்வுக்கு ஒரு வருடமோ என்னவோ பாக்கி. அந்தப் பக்கத்தில் ரைபிள் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் சுட வேண்டியவரும் அவரேதான். அவர் ஒரு ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்து எங்கள் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறையிடம் இருந்தது 315 ரைபிள். நம் நாட்டிலேயே செய்வது. நடுத்தரக் குழல், கனத்த குண்டு, வேகம் குறைவு. இதில் காட்டெருமை விழுமா, இல்லை வேறு தோட்டா வேண்டுமா என்பதுதான் மேடத்தின் கேள்வி. அவர் கவலை இரண்டு. மாடு இன்னும் அல்லாடக் கூடாது. காயத்தோடு அது ராமசாமி மேல் திரும்பி வந்துவிடக் கூடாது.

"உங்ககிட்ட 375 ஒண்ணு டெபாசிட்ல இருக்குன்னு சொன்னாங்களே ஐயா, அது பெரிசுதானே?"

இருந்தது. இறந்துபோன ஒரு எஸ்டேட்காரருடைய ரைபிள். வாரிசுகளுக்குள் வழக்கு. வருடக்கணக்கில் எங்கள் பெட்டகத்தில் கிடந்தது, கூடவே ஒரு தகரப் பெட்டியில் பன்னிரண்டு வெளிநாட்டுத் தோட்டா. யானைக்கே போதும் என்பார்கள். ஐயா எழுந்து போய் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். பித்தளையில் பச்சை பூத்திருந்தது.

"இதை வெளிய குடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா, அது ஒண்ணு. குடுத்தாலும், சுடுமோ சுடாதோன்னு தெரியாத தோட்டாவை வச்சுக்கிட்டு இவர் அது முன்னாடி நிக்கணும்."

ராமசாமி கொம்பிலிருந்து கண்ணை எடுத்துப் பெட்டியைப் பார்த்தார். மேடம் அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. மீதி இருந்தது இரண்டு. துறையின் 315, எங்கள் கண்ணாடி அலமாரியில் இருந்த 30-06. இரண்டாவது குழல் கொஞ்சம் சிறிது, வேகம் அதிகம். நாளைக்குச் சொல்கிறேன் என்று ஐயா அனுப்பி வைத்தார்.

அவர்கள் போனதும் கடைக் கதவைப் பாதி சாத்தச் சொன்னார். எண்பதை நெருங்கிய வயது அவருக்கு. உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி துடைத்தார்.

"பழனி, நான் எதையும் சுட்டதில்ல தெரியுமா?"

நான் கொம்பைப் பார்த்தேன்.

"அது கடையோட வந்தது. இதுக்கு முன்னாடி கடை வச்சிருந்தவர் விட்டுட்டுப் போனது. நான் சுட்டதெல்லாம் குறி பழகுற அட்டை. மீதியெல்லாம் தோட்டாப் பெட்டியில வர்ற காகிதத்துல படிச்சது, எஸ்டேட்காரங்க சொல்லிக் கேட்டது."

இருபது வருடத்துக்கு மேல் அந்த அரை மணி நேரப் பேச்சை நான் வேதம் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது. மேடத்திடம் தெரியாது என்று சொல்லிவிடலாமே என்றேன். அவர்களுக்கு மட்டும் யார் தெரிந்தவர் இருக்கிறார் என்று கேட்டார். வேட்டை நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள், இல்லையென்றால் தெரியாது என்று சொல்லுகிற நிலையில் இருந்தார்கள்.

"தெரியலன்னா பாத்துத் தெரிஞ்சுக்குவோம்" என்றார்.

ஐயா ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வாங்குகிற கடைக்காரரிடம் போய், நல்ல கிடா எருமையின் முன்சப்பை எலும்பு நாலு வேண்டும், சதையோடு வேண்டும் என்றார். முன்னங்காலுக்கு மேல் பலகை போல இருக்கிற எலும்பு அது. காட்டெருமையின் நெஞ்சுக்குள் போக வேண்டிய குண்டு முதலில் அதைத்தான் பார்க்கும். எதற்கு என்று கறிக்கடைக்காரர் கேட்டார். சூப்புக்கு என்றார் ஐயா. நாலு சப்பையில் சூப் வைக்கிற குடும்பத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது, இருந்தாலும் கட்டிக் கொடுத்தார்.

எலும்புக்குப் பின்னால் சதை மாதிரி எதையாவது வைக்க வேண்டும். அதற்கு நான் ஜலகண்டாபுரம் போனேன். தம்பியின் தறிக்கூடத்தில் கழிவு நூல் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பத்துச் சாக்கு நூலைத் தொட்டியில் போட்டு ஊறவைத்து, இறுக்கிக் கட்டி, டெம்போவில் ஏற்றினோம். எதற்கு என்று தம்பி கேட்டான். துப்பாக்கியால் சுட என்று உண்மையைச் சொன்னேன். தறி வேண்டாம் என்று போனவன் கடைசியில் நூலைச் சுட வந்துவிட்டான் என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்த நாள் காலை, போலீஸார் சுட்டுப் பழகுகிற இடத்தில் அனுமதி வாங்கி, எலும்பைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதன் பின்னால் ஈரச் சாக்குகளை வரிசையாக அடுக்கினோம். ஐயா குடை பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுட்டது ராமசாமி. நாற்பது நடை தூரம். முதலில் 30-06. எலும்பு உடைந்தது. சாக்கைப் பிரித்துப் பார்த்தால் குண்டு முதல் சாக்கிலேயே துண்டு துண்டாகக் கிடந்தது, ஒரு துணுக்கு மட்டும் இரண்டாவது சாக்கு வரை போயிருந்தது. இன்னொரு எலும்பு, இன்னொரு தோட்டா, அதே மாதிரி. பிறகு 315. எலும்பில் வட்டமாக ஓட்டை. குண்டு நாலாவது சாக்கில், மூக்கு மலர்ந்து, முழுசாக இருந்தது. மறுபடி சுட்டதிலும் நாலாவது சாக்கு. ஐயா இரண்டு குண்டையும் உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வேகத்தை நம்பக் கூடாது என்று அவர் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்தது. அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

மேடத்துக்கும் நிம்மதி. ஐயாவால் வர முடியாது என்பதால் ரைபிளைச் சரிபார்த்துக் கொடுக்க நான் போவது என்று முடிவாயிற்று. புறப்படும்போது ஐயா என்னிடம் மூன்று விஷயம் பார்த்து வரச் சொன்னார். எவ்வளவு தூரம், எங்கே பட்டது, சுட்டதிலிருந்து விழுகிற வரை எவ்வளவு நேரம். "மணி பாத்துக்கிட்டே இரு, குத்துமதிப்பா சொல்லாத" என்றார்.

மறுநாள் மரவள்ளிக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். காட்டின் வடக்கே கரடு என்கிற சின்னக் குன்று, மேற்கே பஸ் போகிற ரோடு. கரடு பின்னால் இருக்கிற மாதிரி நின்றுதான் சுட வேண்டும், ரோட்டுப் பக்கம் எந்தக் காரணத்துக்கும் சுடக் கூடாது என்று பேசிக்கொண்டோம். பஸ்களை நிறுத்தி வைக்க மேடம் ஆட்களோடு ரோட்டுக்குப் போனார். டாக்டரும் அங்கேதான். காட்டுக்குள் நானும் ராமசாமியும் மட்டும்.

ரைபிளைத் திறந்து குழலைப் பார்த்தேன், துடைத்தேன், ஐந்து தோட்டாவைக் கொடுத்தேன். அவர் கையில் வைத்து எண்ணிப் பார்த்தார்.

"ஒன்னு போதுமுங்களா தம்பி, ரண்டு வேணுமுங்களா?"

அவர் கேட்டது, இரண்டாவது முறை சுட வேண்டி வருமா என்று. எனக்குத் தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். சாக்கில் இருந்த நூலை இரண்டாவது முறை சுடத் தேவையில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் கடைக் குரல் முந்திக்கொண்டது.

"ஒன்னு போதுங்ண்ணா. 315 போட்டா நின்ன எடத்துலயே உழுந்துரும்."

அவர் தலையாட்டினார். ஒரு தோட்டாவை ரைபிளில் போட்டார். மற்ற நாலையும் காக்கிச் சட்டையின் மேல்பாக்கெட்டில் போட்டுப் பித்தானை மாட்டினார். ஐந்தும் உள்ளே பிடிக்கிற ரைபிள் அது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று போதும் என்று நான் சொல்லிவிட்டேன், அவர் ஒன்று போட்டார். அதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாடு வாய்க்கால் ஓரமாகப் பக்கவாட்டில் நின்றது. கறுப்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. தாடை இருந்த இடத்தை என்னால் இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை. தண்ணீருக்குள் மூக்கை விடும், தண்ணீர் அப்படியே வழிந்துவிடும், மறுபடி விடும். அதைக் கொல்ல வந்திருக்கிறோம் என்பதைவிட, இத்தனை நாள் கழித்து வந்திருக்கிறோமே என்றுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. நாற்பது நடை தூரத்தில் ஒரு வேப்ப மரத்தில் ரைபிளைச் சாய்த்து ராமசாமி குறி பார்த்தார். பின்னால் கரடு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். சுட்டார்.

தோளில் தூசி பறந்தது. மாடு ஒருமுறை குலுங்கியது. நின்றது.

பதினைந்து நொடி. முப்பது நொடி. அது அப்படியே நின்றது.

"தம்பி, உழுகலீங்களே."

"உழுந்துரும்" என்றேன்.

ஒரு நிமிடம் ஆகும்போது மூக்கில் ரத்தம் வந்தது. அது தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தது, எங்கள் பக்கமாக, வாய்க்காலை ஒட்டிச் சாய்வாக. மரவள்ளிக் குச்சிகள் ஒவ்வொன்றாக ஒடிகிற சத்தம் கேட்டது. ராமசாமி ரைபிளைத் திறந்தார், சுட்ட தோட்டாவின் வெறும் கூடு வெளியே விழுந்தது. பாக்கெட்டுக்குக் கை போனது. பித்தான் இறுக்கமாக இருந்தது. அவர் தள்ளத் தள்ளப் பித்தான் துளைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டினால் எட்டும். நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொன்ன வேலை அது.

சுட்டதிலிருந்து இரண்டு நிமிடம் ஆனபோது பித்தான் பிய்ந்து வந்தது. முதல் தோட்டா சேற்றில் விழுந்தது. அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். சேறு பட்டதைப் போட வேண்டாம், வேறு எடுங்கள் என்றேன். துடைப்பதைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை. அடுத்ததைப் போட்டு அவர் ரைபிளைத் தூக்கியபோது மாடு பதினைந்து நடைக்குள் வந்துவிட்டது. அது சாய்ந்து வந்ததில் அதன் பின்னால் இருந்த கரடு விலகி, ரோடு வந்திருந்தது. நிறுத்தி வைத்த இரண்டு பஸ்ஸும், பஸ்ஸிலிருந்து இறங்கி வேடிக்கை பார்க்கிற சனமும், மேடத்தின் காக்கித் தொப்பியும் எனக்கே தெரிந்தன. ராமசாமிக்கும் தெரிந்தன. அவர் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டார். ரைபிளை இறக்கவில்லை. ஓடவும் இல்லை. அப்படியே நின்றார்.

மாடும் நின்றது. அதன் மூச்சு எங்களுக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்பதை நான் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. சுட்டதிலிருந்து நான்கு நிமிடம் முடிகிற நேரத்தில் அதன் முன்னங்கால் மடிந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது.

ராமசாமி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார். கையில் பிய்ந்த பித்தான் இருந்தது. கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஒன்னு போதும்னீங்களே தம்பி."

சேறு பட்ட தோட்டாவை அவரிடமிருந்து வாங்கித் துடைக்க ஆரம்பித்தேன்.

டாக்டர் அறுத்துப் பார்த்துக் குண்டை எடுத்துக் கொடுத்தார். சப்பை எலும்பைத் துளைத்து, ஒரு பக்க நுரையீரலைத் தாண்டி, நெஞ்சின் நடுவில் நின்றிருந்தது. இருதயத்துக்கு ஒரு சாண் மேலே. மூக்கு மலர்ந்து, முழுசாக, சாக்கில் எடுத்த குண்டு மாதிரியே இருந்தது. தோட்டா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஒரு நுரையீரலோடு ஒரு காட்டெருமை நாலு நிமிடம் நிற்கும் என்பதுதான் எங்கள் சாக்குக்குத் தெரியாமல் போயிற்று.

கடைக்குத் திரும்பியபோது ஐயா மேசையில் வெள்ளைத் தாளும் திறந்த பேனாவுமாகக் காத்திருந்தார். தூரம் கேட்டார், நாற்பது நடை என்றேன். எங்கே பட்டது என்றார், தோள் என்றேன், குண்டைக் கொடுத்தேன். அவர் அதைச் சின்னத் தராசில் வைத்து எடை பார்த்தார். எடை அதிகம் குறையவில்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு நேரம்?"

பேனா தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது. எண்பது வயது வரை காகிதத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், முதன்முதலாகத் தன் சொந்தக் கணக்கை எழுதப் போகிறார்.

"அரை நிமிஷம் இருக்குங்க ஐயா. ஒண்ணுதான் சுட்டோம்."

அவருக்காகச் சொன்னேன் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்காகப் பாதி. நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு மனிதர் பித்தானோடு மல்லுக்கட்டியதை யாருக்கும் தெரியவிடாமல் இருக்க மீதிப் பாதி. மரவள்ளி மறைத்ததில் ரோட்டில் நின்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை, ஒரு வெடிச் சத்தம்தான் கேட்டது, வந்து பார்க்கும்போது மாடு கிடந்தது. ராமசாமி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஐயா அழகாக எழுதினார்: ஆண் காட்டெருமை, 315, நாற்பது நடை, தோள், ஒரே தோட்டா, அரை நிமிடம். மேடம் அதில் ஒரு நகல் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து ஐயா இறந்துபோனார். அதற்கு முன்பு கடைக்கு வந்த எல்லோரிடமும், சும்மா கேட்காதவர்களிடமும், அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டார். ராமசாமியும் இப்போது இல்லை.

போன மாதம் ஒரு பெண் வனவர் போன் செய்தார். பயிற்சி முடித்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். அவர்கள் சரகத்தில் லாரி அடித்து இடுப்பு ஒடிந்த ஒரு காட்டெருமை கிடக்கிறது, அனுமதி வந்துவிட்டது, மறுநாள் காலை அவர்தான் சுட வேண்டும். ரேஞ்ச் ஆபீஸில் ஒரு காகிதம் இருக்கிறது, அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன் என்றார்.

"315 சரிங்களா சார்?"

சரி என்றேன்.

"சுட்டுட்டு அரை நிமிஷம் கழிச்சு கிட்டப் போய்ப் பாக்கலாம்தானே சார்?"

போகக் கூடாது என்றேன். ஐந்து தோட்டாவையும் ரைபிளுக்குள் போட்டுக்கொள், பாக்கெட்டில் ஒன்றும் வைக்காதே, விழுந்த பிறகும் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே நில், அது எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பின்னால் என்ன வருகிறது என்று முன்கூட்டியே நடந்து பார்த்துவை என்றேன். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. எழுதி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, மரியாதையாகத்தான் கேட்டார்.

"பேப்பர்ல ஒரே தோட்டா, அரை நிமிஷம்னு போட்டிருக்கே சார். அது தப்புங்களா?"

"தப்பும்மா. நாலு நிமிஷம்."

"யார் சார் அப்படித் தப்பா சொன்னது?"

"நான்தாம்மா" என்றேன்.